செங்கோட்டையில் இருந்த மகள்

அடுப்பு பற்றவைக்கும் நேரத்திலேயே அப்பாத்துரை புறப்பட்டு நின்றார். செங்கோட்டைக்கு ரயிலேறி, பள்ளிக்கூடம் விடுகிறபோது தங்கை மகள் கிரேஸைத் தூக்கி வந்துவிடுவது என்று தீர்மானம். அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் திருவிதாங்கூர் ராஜாவே வந்தாலும் கேட்க முடியாது என்றார்.

தங்கை இன்பமணி வாசலை மறித்து நின்றாள்.

“வேண்டாம்ணே. இன்னைக்கு நாம தூக்கிட்டு வந்தா, நாளைக்கு அவிய தூக்கிட்டுப் போவாவ. பிள்ள என்ன, சந்தையில வாங்குத ஆட்டுக்குட்டியா?”

“அப்பம் அழுதுக்கிட்டே இரி. பெத்த பிள்ளையக் கொடுத்துட்டு வந்தவதான நீ...”

சொன்ன பிறகு அவருக்கே நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் நடந்தது அவருக்குத் தெரியும்.

புருஷன் பாக்கியசீலனின் அடியும் வேறொரு பெண்ணோடு அவனுக்கிருந்த தொடர்பும் பொறுக்காமல், திருநெல்வேலிக் கோர்ட்டில் அவள் விவாகரத்து வாங்கினாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் அவள் உட்கார்ந்த பாயில் மற்றப் பெண்கள் உட்காரவில்லை. பிள்ளையோடு வரலாமா என்று அண்ணனிடம் கேட்டாள். அப்பாத்துரை பதில் சொல்லாமல் எழுந்துபோனார். வேறு வழியில்லாமல், பாளையங்கோட்டையில் அப்பனைப் பெற்றவளிடம் பிள்ளை வளரட்டும் என்று ஜட்ஜிடம் சம்மதித்தாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொன்னது. அண்ணன் பெயரை அவள் யாரிடமும் எடுக்கவில்லை.

பிறகு படித்து உபாத்திச்சி ஆனாள். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு வீடும் கிடைத்தது. மகளைக் கேட்கலாம் என்றபோது, பிள்ளையை வளர்த்த மாமி இறந்துபோயிருந்தாள். அதற்கு முன்பே மறுமணம் செய்திருந்த பாக்கியசீலன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு செங்கோட்டை மரக்கிட்டங்கியில் கணக்கு எழுதப் போயிருந்தான். பழைய உத்தரவை மாற்றலாம், ஆனால் பிள்ளை திருவிதாங்கூர்ச் சீமையில் இருக்கிறது, என் உத்தரவு அங்கே செல்லாது, அங்கேயே போய்க் கேள் என்றார் திருநெல்வேலி ஜட்ஜ்.

“அங்கனயே போயிக் கேப்போம்ணே,” என்றாள் இன்பமணி.

அதன்படி அண்ணனும் தங்கையும் கொல்லத்துக் கோர்ட்டுக்கு நடந்தார்கள். வாய்தாமேல் வாய்தா. கடைசியில் விசாரணை வந்தது. அன்றைக்குப் பிள்ளையை ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று எதிர் வக்கீல் குடைந்தார்.

“அப்பம் எனக்கு இடமில்ல,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்ற அப்பாத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து பாக்கியசீலன் தரப்புச் சாட்சியாக அவன் இரண்டாம் மனைவி ஞானசௌந்தரி ஏறினாள். பெற்ற தாய் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை என்று அவள் சொல்லவேண்டும். அதற்குத்தான் கூட்டி வந்திருந்தார்கள்.

“அக்கா வந்தாவ,” என்றாள். “மாமி சாகுததுக்கு முன்னால எங்கிட்ட சொன்னாவ. அக்கா வந்தபோதெல்லாம் பிள்ள ஊர்ல இல்லன்னு வாசல்லயே திருப்பி அனுப்பினாவளாம். ஒங்கம்ம ஒன்ன வேண்டாம்னுட்டான்னு பிள்ளைகிட்ட சொல்லியிருக்காவ. அவியளுக்கும் இது தெரியும்.” புருஷனைப் பார்க்காமலே சொன்னாள். “எனக்கும் இப்பம் கைப்பிள்ள இருக்கு. என்னால பொய் சொல்ல முடியல.”



பிள்ளை தாயிடம் இருக்கவேண்டும், லீவு நாட்களில் தகப்பன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று உத்தரவாயிற்று. வெளியே வந்ததும் இன்பமணி ஞானசௌந்தரியைத் தேடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“ஒனக்கு வீட்டுல கஷ்டமாயிருமே, தாயீ.”

“அத நான் பாத்துக்கிடுதேன்க்கா. லீவுக்கு மறக்காம அனுப்புங்க. எனக்கும் அவ மகதான்...”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கிரேஸ் சின்னம்மையின் சேலையைப் பிடித்தபடி நின்றாள். இன்பமணி அவளை இழுக்கவில்லை. ஞானசௌந்தரியே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

திரும்பும் ரயில்வண்டியில் அப்பாத்துரை, மகளும் நீயும் நம்ம வீட்டிலேயே இருங்கள் என்று மெல்லச் சொன்னார். நீங்கள் சொன்னதே போதும் அண்ணே, எங்களுக்குப் பள்ளிக்கூட வீடு இருக்கிறது என்றாள் அவள்.

கிரேஸ் எதிர்ப் பலகையில் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். புனலூர் தாண்டிய பிறகு கேட்டாள்.

“பாளையங்கோட்டைக்கு நெசமாவே வந்தியளா?”

“வந்தேன்.”

“எத்தன மட்டம்?”

“எண்ணல, தாயீ.”

பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. மலைக்குள் வண்டி குகையில் நுழைந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டில் ஒரு சின்னக் கை தடவித் தடவி வந்து இன்பமணியின் கையைப் பிடித்தது. வெளிச்சம் வந்தபிறகும் அது விடவில்லை.