மூன்றாவது வெள்ளிக் கோப்பை

"ஐயோ... என்னங்க!"

யுவராணியின் அலறலில் உச்சிப்புளி பங்களாவே அதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. மேஜையில் நண்டு வறுவலின் சூடு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் இரண்டு பேர் அடங்கிப் போயிருந்தார்கள்!

ஒருவர் வீட்டுக்காரர் யோகேஸ்வரன். திருவாடானையில் நிலபுலன், இங்கே கடற்கரை பங்களா.

இன்னொருவர் அவருடைய கூட்டாளி தர்மராஜ்.

இருவர் கையருகிலும் பழைய வெள்ளிக் கோப்பைகள் கவிழ்ந்து கிடந்தன. அதே மாதிரி மூன்றாவது கோப்பை ஒன்று மேஜையில் காலியாக இருந்தது.

மேஜைக் கோடியில் ஒருவன் மட்டும் உயிரோடு நின்றுகொண்டிருந்தான். பாம்பன் மரியதாஸ். சங்கு குளிப்பவன். கடலடியில் கிடக்கும் பழைய கப்பல் சாமான்களையும் யோகேஸ்வரனுக்கு எடுத்துக் கொடுப்பவன்.

அவன் கையில் இருந்தது... பேப்பர் கப்!

*

இன்ஸ்பெக்டர் பிரெசில்லா அலமாரிகளைச் சுற்றி வந்தாள்.

யோகேஸ்வரனுக்குப் பழைய பாத்திரப் பைத்தியம். வெள்ளைக்காரன் காலத்து ஒயின் கிளாஸ், பட்டை தீட்டிய கண்ணாடிக் குடுவை, ஐஸ் எடுக்க வெள்ளி இடுக்கி, கப்பல் கேப்டன் சாப்பிட்ட தட்டு... விஸ்கிக்கு ஒரு கிளாஸ், பிராந்திக்கு ஒரு கிளாஸ். மாற்றி ஊற்றினால் மனிதருக்குப் பொறுக்காது. இந்த மேஜையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளவே மதுரையிலிருந்து டாக்டர்களும் ஆடிட்டர்களும் கார் போட்டு வருவார்கள்.

"இந்தக் கோப்பை ஏதும்மா?"

"நேத்து சாயந்தரம் மரியதாஸ் கொண்டாந்தான் மேடம். மூணு கோப்பை, ஒரே செட்டு." யுவராணி விசும்பினாள்.

"கழுவுனீங்களா?"

"கழுவவா! உள்ள இருக்க பழைய கருப்பு போனா மதிப்பே போச்சும்பாரு. காஞ்ச துணியால வெளிய ஒரு தொடை, அம்புட்டுத்தான். புதுசா எது வந்தாலும் மறுநாளே கூட்டாளியக் கூப்பிட்டு, எடுத்தாந்தவனையும் பக்கத்துல நிக்க வச்சு, அதுலயே மொதக் குடி குடிக்கணும். அதான் அவரு வழக்கம்."

பிரெசில்லா திரும்பினாள். "மரியதாஸ், நீ என்ன குடிச்ச?"

"அதே பிராந்திதான் மேடம். அதே குடுவையிலருந்துதான் எனக்கும் ஊத்துனாக."

"ஏலே, ஒனக்கு ஆயுசு கெட்டிடா!" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் முனீஸ்வரன்.

மரியதாஸ் கையிலிருந்த பேப்பர் கப்பைக் குனிந்து பார்த்தான்.

*

மறுநாள் காலை ஸ்டேஷனில் போன் அலறியது. தடயவியல் ஆபீஸ்.

"பிராந்தி சுத்தம் மேடம். விஷம் கோப்பையிலதான் இருந்திருக்கு. உள்பக்கம் சயனைடு தடவியிருக்காங்க."

"ரெண்டுலயுமா?"

"மூணுலயும்! மேஜையில காலியா இருந்துச்சே, அதுலயும்!"

போனை வைத்ததுமே முனீஸ்வரன் துள்ளினார்.

"அப்ப மரியதாஸ் இல்ல மேடம்!"

"கொண்டாந்தவனே அவன்தானே முனீஸ்வரன்?"

"ஆளும் மூணு, கோப்பையும் மூணு. மூணுலயும் விஷம்னா ஒண்ணு அவன் வாய்க்குல்ல வந்திருக்கும்? தான் குடிக்கப் போற கோப்பையில எவனாச்சும் விஷம் தடவுவானா? யோகேஸ்வரன் என்னமோ அவசரத்துல இவனுக்குப் பேப்பர் கப்புல ஊத்திட்டாரு. பொழச்சான்!"

"அப்ப யாரு?"

"யுவராணி! ராத்திரி பூரா கோப்பை அவங்க வீட்லதான இருந்துச்சு? அந்தம்மா குடிக்கிறதும் இல்ல. புருசன் போனா சொத்து பூரா அவங்களுக்கு. போயித் தூக்கிருவோம் மேடம்!"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு பெண் போலீசோடு ஜீப் கிளம்பியது.

*

துக்க வீடு. யுவராணி எழுந்து வந்து உட்காரச் சொன்னாள்.

"சாருக்கு எந்த ஊரு?"

"ஆர்.எஸ்.மங்கலம்ங்க" என்றார் முனீஸ்வரன்.

"நம்ம பக்கந்தான். மேடத்துக்கு?"

"பாம்பன். அப்பா நாட்டுப்படகுல கடலுக்குப் போனவரு."

"அப்படியா..." யுவராணி எழுந்து அடுப்படிக்குள் போனாள். சமையல்கார அம்மாவிடம் ஏதோ மெல்லச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முனீஸ்வரன் தொண்டையைச் செருமினார். "நீங்க எங்க கூட ஸ்டேஷனுக்கு வரணும்மா."

"எதுக்கு?"

"மூணு கோப்பையிலயும் விஷம். ராத்திரி அது ஒங்க கையிலதான் இருந்துச்சு."

யுவராணி பதறி எழுந்தாள்.

"நானா? ஐயோ, நான் அதத் தொடவே இல்ல மேடம்! எம் மக ஜெயப்பிரியா இந்த வருசம் பிளஸ் டூ. அப்பனும் போயி ஆத்தாளும் ஜெயிலுக்குப் போனா அவ தூக்குல தொங்கிருவா மேடம்!"

அவள் பிரெசில்லாவின் காலில் விழப் போனாள்.

பெண் போலீஸ் ஒருத்தி அவள் தோளைப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காபி வந்தது.

முனீஸ்வரனுக்குத் தங்க விளிம்பு போட்ட பழைய பீங்கான் கோப்பை, சாஸரோடு.

இன்ஸ்பெக்டர் பிரெசில்லாவுக்கு... பேப்பர் கப்!

முனீஸ்வரன் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு வாய் உறிஞ்சி, "காபி பிரமாதம்" என்றார்.

பிரெசில்லாவுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் பட்ட தனிக்குவளை அவமானம், படித்து வேலைக்குப் போனால் போய்விடும் என்று நினைத்தது. தோளில் மூன்று நட்சத்திரம் ஏறிய பிறகும் போகவில்லை. அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று நிமிர்ந்தாள்.

"மரியதாசுக்கு என்னைக்கும் இதுலதான் குடுப்பீங்களா?"

"ஆமா மேடம், எட்டு வருசமா. எங்க வீட்ல அவுகளுக்கெல்லாம் இதுல..."

யுவராணி பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"அவங்கள விடுங்க" என்றாள் பிரெசில்லா.

"மேடம்?" முனீஸ்வரன் விழித்தார்.

"மூணாவது கோப்பை தன் கைக்கு வராதுன்னு ஒருத்தனுக்கு நல்லாத் தெரியும் முனீஸ்வரன். ஒங்களுக்குத்தான் தெரியல. ஒங்களுக்கு யாரும் இதுல குடுத்ததில்ல."

காபியைத் தொடாமல் எழுந்தாள். வாசலில் நின்று யுவராணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எனக்குக் காபி குடுத்த லட்சணம்தாம்மா ஒங்களக் காப்பாத்திருக்கு."

*

பாம்பன் கரை. மரியதாஸ் படகை நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். ஜீப்பைப் பார்த்தும் ஓடவில்லை.

"வாங்க மேடம். நீங்க வருவீகன்னு தெரியும். நம்ம ஊருப் புள்ளையாச்சே."

"போன வருசம் யோகேஸ்வரனுக்காகக் கடல்ல இறங்கிச் செத்த ஜெயபால் ஒன் தம்பிதானே?"

மரியதாஸ் கடலைப் பார்த்தான்.

"இருந்தது ஒரே கயிறு மேடம். கீழ தம்பிக்கு மூச்சுக்குழா மடங்கிப் போச்சு. கயித்த இழுத்து இழுத்துக் கூப்பிட்டிருக்கான். மேல படகுல இருந்தது யோகேஸ்வரனும் தர்மராஜும் மட்டுந்தான். அந்தக் கயித்துலயே வெள்ளிச் சாமான் சாக்கும் கட்டியிருந்துச்சு. சாக்கத்தான் மொதல்ல மேல ஏத்திருக்காக. தம்பிக்குத் திரும்பக் கயிறு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யோகேஸ்வரன்தான். ஒருநா போதையில சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. சாக்கு அவுந்து போயிருந்தா என்ன ஆயிருக்கும்டான்னு எங்கிட்டயே கேட்டாரு!"

பிரெசில்லாவுக்குக் கண் கலங்கியது. விலங்கை எடுத்த கை ஒரு நொடி நின்றது.

"மூணாவது கோப்பைய ஒங்கிட்ட நீட்டியிருந்தா?"

"மூணையும் தட்டிவிட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். மாதா சத்தியமா! பிராந்தி ஊத்தும்போது வாய் விட்டே கேட்டேன் மேடம். அய்யா, எனக்கும் அதுல ஒரு வாய் குடுங்கன்னு..."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாக."

விலங்கு பூட்டப்பட்டது. மரியதாஸ் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இத்தன வருசம் கப்பு கப்பாச் சேத்தாக... வீட்லயே வெல கூடுன கப்பு அந்தப் பேப்பர் கப்புதான்னு கடைசி வரைக்கும் தெரியாமப் போயிட்டாகளே மேடம்!"