பூ வாங்கப் போன நேரம்

படகோட்டி இரண்டாம் தடவையாக எண்ணினான். "ஆறு டிக்கெட் கிழிச்சேன். தண்ணியில அஞ்சு தலைதான் தெரியுது. காசு குடுத்துட்டு யாருங்க காணாமப் போனது?"

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லிஸ்பெத் மட்டும் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் பலகையில் இருந்த தம்பதியின் சிவப்புத் தொப்பிகள் அதில் நெளிந்தன. பக்கத்துக் கிழவரின் குடை தெரிந்தது. அவளுக்கு நேர்கீழே மட்டும் பாசி பிடித்த செங்கல் சுவரும் சாம்பல் வானமும் கிடந்தன. கையை நீட்டிப் பார்த்தாள். தண்ணீரில் எதுவும் நீளவில்லை.

மூடுபனி, அதுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

பெல்ஜியத்தின் கால்வாய் நகரமான புரூஜுக்கு அவள் வர நினைத்தே இருக்கவில்லை. மறுநாள் அனைத்துப் புனிதர் திருநாள். அப்பாவின் கல்லறையில் வைக்கச் சாமந்தித் தொட்டி வாங்கத்தான் கோர்ட்ரைக் ஊரிலுள்ள வீட்டிலிருந்து காலையில் கிளம்பினாள். "அரை மணி நேரத்துல வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியிலிருந்து கதவைப் பூட்டினாள். அம்மா பௌலாவுக்கு மறதி நோய் வந்து ஆறு வருடமாகிறது. தனியாக விட்டால் தெருவில் இறங்கி நடந்துவிடுவாள். பூக்கடைக்குப் போகும் வழியில் ரயில் நிலையம். நடைமேடையில் புரூஜ் ரயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. கால்கள் ஏறிவிட்டன.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் அவளுக்குக் கூசியது. வருத்தப்பட்டிருக்கலாம், படவில்லை. ஆவி பறக்கும் வாஃபிளை க்ரீமோடு தின்றாள். கடை கடையாக ஏறி இறங்கினாள். நாள் முழுக்க ஒருத்தரும் அம்மாவைப் போல அவளைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்கவில்லை. அந்த நிம்மதி வெல்லக்கட்டிபோல நாக்கிலேயே இருந்தது. பூட்டிய கதவு நினைவுக்கு வரும்போதெல்லாம், இன்னும் ஒரே ஒரு தெரு என்று நடந்தாள். இப்போது மணி நாலு.

படகை விட்டு இறங்கியதும் தொலைபேசி அடித்தது. பக்கத்து வீட்டு ஓடெட். அவளிடம் மாற்றுச் சாவி ஒன்று உண்டு.

"லிஸ்பெத், சூப்பு வெச்சேன். உங்க ரெண்டு பேருக்கும் கொண்டாந்தேன். ஜன்னல் வழியா பாத்தா நீ அம்மாவுக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தே. அம்மா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. கெடுப்பானேன்னு திரும்பி வந்துட்டேன்."

லிஸ்பெத் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது சரி, உன் தலை ஏன் அப்படிச் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு? கோட்டுகூட ஒழுகுதே. சளி பிடிச்சுக்கும்மா."

அது நானில்லை, உடனே போய்க் கதவைத் திறங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, நீ எங்கே இருக்கிறாய் என்பது. அம்மாவைப் பூட்டிவிட்டு எங்கே இருக்கிறாய்?

"இப்பதான் குளிச்சேன்" என்றாள்.

மணிக்கூண்டு அடிக்கத் தொடங்கியது. "அங்க என்ன மணிச் சத்தம்?" என்றாள் ஓடெட்.

"டிவி."

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்கு அழைத்தாள். ஈரக் கோட்டுகளின் வாடையும் சக்கரங்களின் தடதடப்பும் பெட்டியை நிறைத்திருந்தன. நெடுநேரம் அடித்த பிறகு அம்மா எடுத்தாள்.

"அம்மா, நான் லிஸ்பெத்."

எதிர்முனையில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. நிதானமாக, தரையில், ஒவ்வொரு துளியாக.

"லிஸ்பெத் இங்க என் பக்கத்துலதானே இருக்கா" என்றாள் அம்மா. இரண்டு வருடமாக மறந்துபோயிருந்த பெயரைத் தெளிவாக, ஆசையாகச் சொன்னாள். "நீ யாரு?"

"வெச்சிரும்மா. தப்பான நம்பர்" என்றது இன்னொரு குரல். லிஸ்பெத்தின் குரல். ஆனால் அவள் எப்போதோ இழந்துவிட்ட அந்தப் பொறுமை அதில் இருந்தது.

தொடர்பு அறுந்தது.

போலீசைக் கூப்பிடலாம். என்னவென்று சொல்வாள்? ஓடெட்டைக் கூப்பிடலாம். இரண்டு தடவை எண்ணை எடுத்தாள். இரண்டு தடவையும், ஊரே தன்னைப் பார்க்கும் பார்வை முதலில் கண்முன் வந்தது. தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

கோர்ட்ரைக்கில் இருட்டிவிட்டிருந்தது. நிலையத்திலிருந்து ஓடினாள். தெருவில் பனி. வீட்டில் விளக்கு எரிந்தது. சாவியைத் துளையில் நுழைத்தாள். போகவில்லை. உள்ளேயிருந்து இன்னொரு சாவி செருகியிருந்தது.

ஜன்னலுக்குப் போனாள்.

நாற்காலியில் அம்மா. தலை வழவழவென்று வாரிப் பின்னியிருந்தது. பக்கத்தில் அவளே. அதே கோட்டு. அதே மூக்கு. கோட்டின் விளிம்பிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒழுகிக் கம்பளத்தில் பரவியிருந்தது. கால்வாய்ப் பாசியின் நாற்றம் ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது.

லிஸ்பெத் கண்ணாடியை அறைந்தாள். "அம்மா."

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "யாருடி அந்தப் பொம்பளை? பயமா இருக்கு."

"யாரோ. நீ என்னைப் பிடிச்சுக்கோம்மா."

அம்மா இரு கைகளாலும் அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நனைந்த கோட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

பின்னால் ஓடெட்டின் கதவு திறந்தது. "யாரது, ஜன்னலைத் தட்டுறது?"

திரும்ப வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும். ஆட்கள், கோடாலி, எதையாவது கேட்க வேண்டும். லிஸ்பெத் காலரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். ஒரு நொடி. இரண்டு நொடி.

"என்ன வேணும் உங்களுக்கு?" ஓடெட் படியிறங்கினாள்.

உள்ளே அம்மா முகத்தை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. பின்னந்தலையில் ஒரு கை இருந்தது. அழுத்தியது. மெதுவாக. தடவிக்கொடுத்தபடியே. அம்மாவின் விரல்கள் கோட்டைப் பிறாண்டின. வெளியே லிஸ்பெத் அலறினாள், இரண்டு முஷ்டியாலும் குத்தினாள். கண்ணாடி விரிசல் விட்டது, உடையவில்லை.

கம்பளிச் செருப்பு ஒன்று அம்மாவின் காலிலிருந்து கழன்று விழுந்தது. வெறும் பாதம் தண்ணீரில் இரண்டு முறை உதைத்தது.

பிறகு உதைக்கவில்லை.

அந்தக் கை மட்டும் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.