ஈயக்கூடத்துப் படம்

பீங்கான் பாத்திர ஊரான லாங்டனில் சூளைகள் புகைய ஆரம்பித்துவிட்டால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. அந்தக் காலையில் திர்ஸா அடுப்பங்கரை விளக்கடியில் நின்று மேல்சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். வலது கை மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கியது. உயர்த்திப் பார்த்தாள்... எழும்பவில்லை.

'கடவுளே, இன்னைக்குப் பார்த்தா!'

"போட்டோ புடிக்க வராங்கன்னதும் மகாராணிக்கு அலங்காரமே முடியல!" மாமியார் கெசியா, மகள் லெட்டி பெற்ற பேரன் டாமிக்கு ஓட்ஸ் ரொட்டியைப் பிய்த்து ஊட்டியபடியே குத்தினாள். "நல்லா நின்னு புடிச்சுக்கோ. கூலி கூடக் கிடைக்குதுன்னு ஆலாய்ப் பறந்து ஈயக்கூடத்துக்குப் போனவதானே! வயித்துல வந்த ரெண்டையும் அந்த ஈயத்துக்கே வாரிக் குடுத்துட்டு..."

"அத்தை... போதும்..."

"எது போதும்? என் மகன் தகப்பனாகாமலே கிழவனாகப் போறான். அதைச் சொன்னா வலிக்குதா?"

கணவன் ஜேபஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு சூளை வேலைக்குக் கிளம்பிவிட்டான். இரண்டாவது கருவும் கலைந்த நாளிலிருந்தே அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நாத்தனார் லெட்டி மட்டும் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு கொல்லையில் வந்து வழிமறித்தாள்.

"அண்ணி! கை என்னாச்சு? நான் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்..."

"வாயைத் திறந்தே, தெரியும் சேதி! நான் விழுந்தா அந்த இடத்துக்கு மேஸ்திரி யாரைக் கூப்பிடுவான்? உன்னைத்தான். இந்த வயித்தோடயா அங்க போய் நிப்பே?"

லெட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

ஈயக்கூடம் என்றால் அந்த ஊர்ப் பெண்களுக்குக் குலை நடுங்கும். ஈயம் கரைத்த வெள்ளைப் பூச்சில் பாத்திரங்களை முக்கி எடுத்து, காய்ந்ததும் விளிம்பைச் சுரண்ட வேண்டும். அந்தத் தூசி மூச்சில் ஏறினால் ஈறில் நீலக்கோடு விழும், கை துவளும், கரு தங்காது. சிலருக்குக் கண்ணே போனது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே திர்ஸா அங்கே ஒரு பெண் வலிப்பு கண்டு விழுவதைப் பார்த்திருந்தாள். அன்று முதல் கூடத்தின் படியேறும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் வாயோரத்து நுரைதான் கண்ணுக்குள் வரும்.

அன்று முதலாளி, கண்காட்சிக்காக ஒவ்வொரு கூடத்தையும் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். முக்காலியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு படக்காரர் நின்றார். வேடிக்கை பார்க்க வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அதே ஆலையில் வேலை செய்யும் வீட்டாரும் வந்துவிட்டார்கள்: கிடங்கிலிருந்து கெசியா, வண்ணம் தீட்டும் பெஞ்சிலிருந்து லெட்டி, சூளைப் பக்கமிருந்து ஜேபஸ்.

"நடுவுல நிக்கிறீங்களே அம்மா, அந்தப் பெரிய தட்டைத் தூக்கிப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் அசையவே கூடாது."

திர்ஸா இடது கையால் தட்டைத் தூக்கி, வலது கையை அடியில் முட்டுக் கொடுத்தாள். படக்காரர் மூடியைத் திறந்தார். கூடமே மூச்சடக்கி நின்றது. 'இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...' மணிக்கட்டு மெல்லச் சரிந்தது. பல்லைக் கடித்தாள். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. லெட்டியின் வயிறு மட்டும் கண்முன் நின்றது.

சிலீர்!

தட்டு தரையில் சிதறியது. மேஸ்திரி பாய்ந்து வந்தான்.

"கையை நீட்டு!... தூக்கு, தூக்குன்னா!" தொங்கிய கையைப் பார்த்தவன் அவள் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தான். நீலக்கோடு. "ஈயம் ஏறிடுச்சு. நாளையிலிருந்து நீ வராதே. லெட்டி, உன் பேருதானே முதல்ல எழுதினது? திங்கட்கிழமை வந்து நில்லு."

"வேண்டாங்க!" திர்ஸா அவன் காலடியில் விழுந்தாள். "இடது கை நல்லாத்தான் இருக்கு... நான் செய்யறேங்க... அவ வேண்டாம்!"

"பார்த்தீங்களா கூத்தை! கை போயும் ஆசை போகல..." என்றாள் கெசியா.

"அம்மா!"

லெட்டி கத்திய கத்தலில் கூடமே திரும்பியது.

"ஆசையா? அண்ணிக்கா ஆசை? அன்னைக்கு மேஸ்திரி இந்தக் கூடத்துக்கு என் பேரைச் சொன்னப்போ டாமி என் வயித்துல இருந்தான்! எனக்கு அப்போ கல்யாணமே ஆகலம்மா, அப்புறம்தான் அவசரமா பண்ணிக்கிட்டேன்... தெரிஞ்சா நீ என்னை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பே. அதனாலதான் கூலிக்கு ஆசைப்பட்ட மாதிரி நடிச்சு இவங்க வந்தாங்க! என் புள்ளையைக் காப்பாத்திட்டு தன் ரெண்டையும்... நான் பாவி! இத்தனை நாளும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்..."

கெசியாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. மகளைப் பார்த்தாள். தரையில் கிடந்த மருமகளைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியின் முன் போய் நின்றாள்.

"என் வீட்டுலருந்து இனி ஒருத்தியும் இங்க கால் வைக்க மாட்டா. எங்க எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி."

பின்னால் அந்தப் படத்தை முதலாளி கண்காட்சிக்கு அனுப்பவில்லை. மற்ற பெண்கள் தெளிவாக விழுந்திருக்க, நடுவில் நின்றவள் மட்டும் வெள்ளைப் புகையாய்க் கலங்கியிருந்தாளாம்.

அன்று அந்தக் கூடத்திலேயே, கெசியா வாளியில் தண்ணீர் எடுத்து வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். துவண்ட கையை மடியில் வைத்து, நகக்கண்ணில் படிந்திருந்த வெள்ளையைக் கழுவினாள். 

"இது திரும்ப எழும்புமா, அத்தை? பயமா இருக்கு..."

"தெரியலடி கண்ணு. எழும்பலேன்னா என் கை ரெண்டு இருக்கு."

ஜேபஸ் மனைவியின் பின்னால் மண்டியிட்டு அவள் தோளில் முகம் புதைத்தான்.  தோள் நனைந்தது.

"அதுங்க ரெண்டுக்கும்..." கெசியா கழுவிய கையை மடியிலேயே பொத்திக்கொண்டாள். "பேரு வெச்சிருந்தியா?"

அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

"மனசுக்குள்ள... வெச்சேன், அத்தை."

"சொல்லுடி. நான் கேக்கணும். அவனும் கேக்கட்டும்."

"மூத்தவ ஜெமிமா..." திர்ஸாவுக்குக் குரல் உடைந்தது. "சின்னவன்... சைலஸ்."

"ஜெமிமா. சைலஸ்," என்று கெசியா திருப்பிச் சொன்னாள். மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, ஊரே பார்க்க ஓவென்று அழுதாள்.