அடியில் ஒளித்துவைத்த மின்சாரம்

மனிதன் காட்டை வென்ற வரலாற்றை யாராவது எழுதினால், ஜெயபுரத்துத் தவராசாவின் பெயர் முதல் அத்தியாயத்திலேயே வரும். அப்படித்தான் தவராசா சொல்லிக்கொண்டு திரிந்தார். காட்டை வென்றது, அவருடைய வீட்டு வளவையும் வயலையும் சுற்றி ஓடிய ஒற்றைக் கம்பி. அதற்கு மின்சாரம் கொடுத்தது, விறாந்தை மூலையில் இருந்த, கையால் தூக்கக்கூடிய சோலர் பெட்டி. பெட்டிக்குச் சந்தனம் பூசி மாலையும் போட்டிருந்தார். மாலை போடத் தெரிந்த அளவுக்கு அவருக்கு அதைப் பற்றி வேறெதுவும் தெரியாது.

விவசாயச் சங்கத் தலைவரான அவருக்கு நாளை அந்த யானை வேலிக்காகப் பொன்னாடை. பொழுதுபட்டதும் ஏற்புரையை அம்பிளிபயரில் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். “யானை என்கிற அந்த அற்ப விலங்கு...” என்ற இடத்தில் குரல் குழைந்து, காதோரம் பறக்கும் நுளம்பின் முனகலாகச் சிறுத்து, நின்றது. மின்குமிழும் அணைந்தது.

ஒரு கிழமையாக மாரி இருட்டு. வெயில் இல்லை. அன்று மத்தியானம் பற்றரி இறங்கியதும் பெட்டி வீட்டுக்குப் போகும் மின்சாரத்தைத் தானாகவே நிறுத்தி, கீச்சிட்டு எச்சரித்திருந்தது. தன் வீட்டில் தன்னைக் கேளாமல் ஒரு பெட்டி முடிவெடுப்பதா?

“அது நிப்பாட்டினா விடுங்கோ,” என்று அப்போதே சொன்னாள் மனைவி ஜெகதீஸ்வரி. “ஒரேயடியா இறங்க விட்டா லிதியம் பற்றரி செத்துப்போகுமாம். பிறகு வெயில் எறிச்சாலும் எழும்பாதாம். பெட்டி கொண்டுவந்து பூட்டின பெடியன் சொன்னவன்.”

“அடியில கொஞ்சம் ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள் கள்ளர். என்ர பற்றரி எனக்கே இல்லையெண்டோ?”

“அந்த மிச்சம் வேலிக்கல்லோ?”

“வேலியைப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறீரோ? நாளைக்குப் பொன்னாடை ஆருக்கு, உமக்கோ?”

பிறகு அவர், மின்சாரத்தை நிறுத்திய தடுப்புக் கருவியிலிருந்து வீட்டு வயரைப் பிடுங்கி நேரே பற்றரியில் கொழுவினார். கீச்சிட்ட துளைக்குப் பிளாஸ்ரர் ஒட்டினார். மாலையைச் சரிசெய்தார்.

இப்போது ஜெகதீஸ்வரி ரோச் லைற்றோடு வளவின் பின்மூலைக் கழிப்பறைக்குப் போயிருந்தாள். தவராசா இருட்டில் மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஏதோ குறைந்தது. கூரையிலிருந்து மழைநீர் சொட்டியது, தவளைகள் கத்தின, தூரத்தில் யாருடைய நாயோ குரைத்து ஓய்ந்தது, ஆனால் இரவும் பகலும் அந்த வீட்டின் நாடி போல அடித்துக்கொண்டிருந்த வேலிக் கருவியின் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும் எங்குமே இல்லை.

மாலை போட்ட பெட்டியைத் தட்டினார். அதட்டினார். சங்கக் கூட்டங்களில் எழும்பாதவனும் அந்த அதட்டலுக்கு எழும்புவான். பெட்டி எழும்பவில்லை.

வயல் பக்கம் கம்பி ஒருமுறை கிரீச்சிட்டது. அறுந்தது.

பிறகு வாசனை வந்தது. ஊறிய வைக்கோலும் சேறும் பழஞ்சாணமும் கலந்த, சூடான, ஈரமான வாசனை, அவரை ஏற்கெனவே தெரிந்ததுபோல நேரே முகத்துக்கு வந்தது. தவளைகள் நின்றன. கதவோரம் போய் எட்டிப்பார்த்தார். முற்றத்துக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. தொட்டி இருந்த இடத்தில் இருட்டு கூடுதலாக இருந்தது.

அந்த இருட்டு மூச்சுவிட்டது.

அதன் வயிற்றுக்குள் கல் உருளும் சத்தம். ஒரு காது அசைந்தது. நின்றது.

கழிப்பறைக் கதவு திறந்தது.

“இஞ்சேருங்கோ, வேலிச் சத்தம் கேக்கேல்லையே? நான் வரட்டோ?”

‘வராதையும்’ என்ற ஒரு சொல் போதும். மைக்கே வேண்டாம். ஆனால் சத்தம் கேட்டால் அது இந்தப் பக்கம் திரும்பும்.

“என்னப்பா, பேச்சு முடிஞ்சுதோ? நித்திரையோ?”

அவள் சிரித்தாள். ரோச் வெளிச்சம் புறப்பட்டது. வாழையடி. கிணற்றடி. சேறு. சேற்றில் ஒரு வட்டக் குழி. இன்னொன்று. பிறகு நகம். சாம்பல் நிறக் கால். மேலே. இன்னும் மேலே. ஈரமான ஒரு கண்.

வெளிச்சம் அங்கேயே நின்றது.

“இஞ்சே...”

தவராசா கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, உள்ளே கொண்டி போட்டார்.