வரதன் பெயரில் நுழைந்தவர்

கம்ப்யூட்டரின் கண்ணாடி சூடாக இருந்தது.

உத்திரமேரூர் கடைத்தெருவில் இருந்த தம்முடைய நெல் மண்டியைத் தினமும் காலையில் சனாவுல்லாதான் திறப்பார். சாவிக்கொத்தை அவர் மகனிடம்கூடக் கொடுத்ததில்லை. இரவில் அது அவருடைய தலையணைக்கு அடியில் கிடக்கும். முந்தின நாள் மாலை தம் கையாலேயே அணைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரைத் துடைக்கத் துணியை வைத்தபோது, புறங்கையின் நரைமுடிகள் எழுந்து கண்ணாடியின் பக்கம் சாய்ந்தன. காய்ந்த தூசி கருகுகிற மெல்லிய வாடை, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போன்ற ஒரு வெதுவெதுப்பு, அதற்கும் அடியில், கோணியும் உமியும் மணக்கிற அந்த அறைக்குச் சம்பந்தமே இல்லாத ஏரிப் பாசியின் வாடை. நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். மெத்தை ஈரமாக இருந்தது.

அண்ணாந்து பார்த்தார். கூரை ஒழுகவில்லை.

திரையில் இரண்டு படங்கள். சதுரங்கக் காய் அவருடைய பெயருக்கு. மஞ்சள் வாத்து, மண்டியில் எழுத்தராக இருந்த வரதனின் பெயருக்கு. சதுரங்கக் காய்க்குக் கீழே, அந்தப் பெயருக்கு உரியவர் ஏற்கெனவே உள்ளே இருப்பதாக ஒரு வரி தெரிந்தது.

மகன் அசீம் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தான்.

“என் பேர்ல இதுல யார்ரா குந்தினது?”

“யாரும் இல்ல அத்தா. உங்க பாஸ்வேர்டு உங்கள வுட்டா யாருக்குத் தெரியும்? அணைக்க மறந்திருப்பீங்க.”

“நான் மறக்கற ஆளா? அந்த வாத்த எடுத்துத் தொலைன்னு எத்தினி தபா சொல்றது?”

“அத எடுத்தா அவன் போட்டதும் சேந்து போயிடும். அப்பறம் சாலவாக்கத்துக்காரனுங்க வந்து கேட்டா இன்னாத்தக் காட்டறது?”

அசீம் அந்தப் படத்தைப் பார்க்காமலேயே சொன்னான். சனாவுல்லாவும் பார்க்காமலேயே கேட்டுக்கொண்டார்.

காட்டுவதற்கு அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். புரட்டாசியில் சாலவாக்கத்து விவசாயிகள் இந்த மண்டியில் வாங்கிய விதைநெல்லை நாற்றங்காலில் விட்டார்கள். எதுவும் முளைக்கவில்லை. கிடங்கில் புழுங்கிக் கிடந்த பழைய நெல்லை விதைச் சாக்கில் மாற்றிக் கட்டியவன் அசீம். விஷயம் வெளியே வந்த இரவு அவன் தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். சனாவுல்லாவுக்கு அவன் அழுகையைவிட, மறுநாள் கடைத்தெருவில் தாம் நடக்க வேண்டியதுதான் பெரிதாகத் தெரிந்தது. அவர் தகப்பனாரும் பாட்டனாரும் தலைகுனியாமல் நடந்த தெரு அது. பேத்தி முஸ்கான் நாளைக்கு இந்த வீட்டின் பெயரோடுதான் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, காஞ்சிபுரத்தில் தொழுதுகொள்வதாகச் சொல்லிப் பஸ் ஏறியவர், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கிடங்கின் பின்கதவு வழியாகத் திரும்பி வந்தார். ஜும்மா நேரத்தில் மண்டி சாத்தியிருக்கும். எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். காவலுக்கு வரதன் மட்டும் இருப்பான். அவன் அப்போது கிடங்கின் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டிபன் பாக்ஸ் மூடி சிமெண்டுத் தரையில் விழுந்து சுழன்று அடங்கிய சத்தம், மஞ்சள் வாத்தின் எதிரே உட்கார்ந்திருந்தவருக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

வரதனின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வந்த புதிதில் அவனே சொன்னதுதான்.

“இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது மொதலாளி. மிஷினுக்கு மொகம் தெரியாது. வார்த்தையச் சொல்றவன்தான் அதுக்கு ஆளு.”

“அப்ப எனக்கும் சொல்ல மாட்டே?”

வரதன் சிரித்துவிட்டான். “உங்களுக்குச் சொல்லாமயா? நீங்க வேற, நான் வேறயா?” என்று அவர் காதருகே குனிந்து தன் மகளின் பெயரைச் சொன்னான். தமிழ்ச்செல்வி.

அந்தப் பெயரைத் தட்டித்தான் அவர் உள்ளே நுழைந்தார். அசீம் பதிந்திருந்த விதைநெல் கணக்கை அழித்தார். அதையே வரதனின் கையாக மறுபடி பதிந்தார். மறுநாள் விவசாயிகள் கூடி நின்று பார்த்தபோது கம்ப்யூட்டர் சொன்னது: பதிந்தது வரதன், வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். ஊரே தொழப் போன நேரத்தில் தனியாக இருந்தவன் கணக்கில் கை வைத்திருக்கிறான் என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. வரதன் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தான்.

அன்று அந்தி சாயும்போது வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் வாய் திறப்பதற்குள் சனாவுல்லா சொன்னார்:

“வாசப்படிய வுட்டு எறங்கு. இது மானமுள்ள குடும்பம்.”

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிய பிறகு, மதகுப் படியில் வரதனுடைய செருப்புகள் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. வேறு எதுவும் கிடைக்கவில்லை.

அதிலிருந்துதான் வீட்டில் ஒரு கட்டளை. அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு கதவைத் தட்டுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால்தான் தாழ்ப்பாள் விலகும். சாலவாக்கத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயம் என்று மனைவி பதுருன்னிசா நினைத்தாள். மறைந்த தம் தாயாரின் பெயரையே அவர் வார்த்தையாக வைத்தார். ஜாஹிரா. வெளியார் வாயில் ஒருநாளும் வராத பெயர்.

இன்றும் வெள்ளிக்கிழமை; மழை விடவில்லை. முற்பகலில் வரதனின் மனைவி சுலோச்சனா வந்து படிக்குக் கீழே நின்றாள். முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள்.

“எதுவும் குடுக்க வாணாம் பாய். ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்.”

“இன்னா வார்த்த?”

“அவரு செய்யலன்னு. எங்க ஊரு ஆளுங்க எதிர்ல சொல்லுங்க. எம்பொண்ண கொழாயில தண்ணி புடிக்க வுட மாட்டேன்றாங்க. உங்கப்பன் வெதநெல்ல வித்துத் தின்னவன்றாங்க. அது இஸ்கூலுக்கே போவாம குந்திக்கினு கீது.”

“நானா சொன்னேன்? கம்ப்யூட்டர் சொல்லிச்சி.”

“அது இன்னாத்தக் கண்டுச்சி? குந்திக்கினு இருந்தவன் மொகத்தப் பாத்துச்சா?”

அவர் நாக்கு அசைந்தது. சொல்லிவிடலாம். பின்னால் அசீம் மூட்டைக் கொக்கியும் கையுமாக மூச்சு விடாமல் நின்றான். எதிர்ச் சாரியில் மஹபூப் பாஷா தம் ஜவுளிக் கடை வாசலில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சனாவுல்லா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“அவன் பேர்லதான் கீது. போம்மா.”

சுலோச்சனா உடனே போகவில்லை. அவள் பார்வை தரையில் இருந்தது. நாற்காலியிலிருந்து வாசல்வரை வெறுங்காலின் ஈரத்தடங்கள். வெளியே போகிற தடங்கள் மட்டும். அவற்றை மிதித்துவிடக் கூடாது என்பது போல ஓரமாக ஒதுங்கி அவள் மழைக்குள் போனாள்.

பாங்கு ஒலித்தது. ஆட்கள் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் உள்ளூர்ப் பள்ளிவாசலுக்குள் கால் வைக்கவில்லை. முன்வரிசையில் நிற்கிற மனிதர், வரிசைக்கு வரவே கூசினார். காஞ்சிபுரத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வாராவாரம் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். இன்றும் உட்கார்ந்தார். எலி கோணியைக் கிழிக்கிற சத்தம், தகரத்தின்மேல் மழை, தூரத்தில் குத்பாப் பிரசங்கத்தின் குரல். கோடியில், வரதன் சாப்பிடுகிற இடத்தில், ஏதோ ஒரு மூடி விழுந்து, சுழன்று, அடங்கியது.

அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

தொழுகை முடிந்து தெரு நிரம்பியதும் வெளியே வந்தார். மஹபூப் பாஷா சாலையைக் கடந்து அவரிடமே வந்தார்.

“இன்னா பாய், இன்னிக்காச்சும் நம்ம பள்ளிக்கு வந்தீங்களே! பக்கத்துலயே நின்னுட்டு, சலாம் சொன்னா பதில் சொல்லாம எழுந்து போறீங்க. கோவமா?”

சனாவுல்லா மண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எதுக்கு அப்பிடித் தொப்பலா நனைஞ்சிக்கினு வந்தீங்க? நீங்க நின்ன எடத்துல விரிப்பு பூரா தண்ணி. சளி புடிச்சா பேஜாரு. இந்த வயசுல வாலிபம் காட்டறீங்களா?”

நான் வரவில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் சனாவுல்லா பாய் ஏன் ஜும்மாவுக்கு வருவதில்லை என்று நாலு பேர் கேட்க ஆரம்பித்திருந்த நேரம் அது. அவர் தேடிக்கொண்டிருந்த பதிலை யாரோ அவருக்காக நின்று சம்பாதித்து வைத்திருந்தார்கள்.

“ஆமா,” என்றார். “வர்ற வழியில நல்ல மழை.”

அவருக்குப் பின்னால், ஆளில்லாத மண்டிக்குள், யாரோ நிறைவாக மூச்சு விட்டார்கள்.

கரண்ட் போயிற்று. யூபிஎஸ் கீச், கீச் என்று கத்தத் தொடங்கியது. கார்த்திகை மேகம் தெருவை மூட, பிற்பகலே இருட்டிக் கிடந்தது. ஆட்களும் அசீமும் சாப்பிடப் போய்விட்டார்கள். திரை மட்டும் நீலமாக எரிந்தது. அணைத்துவிடலாம் என்று உள்ளே போய் உட்கார்ந்தார். தம் பெயரை அழுத்தினார். பாஸ்வேர்டைத் தட்டினார்.

தவறு என்றது.

நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

தவறு.

கீச். கீச்.

மெத்தையின் ஈரம் வேட்டியில் ஏறியது. மஞ்சள் வாத்து அவரையே பார்த்தது. அதைத் தொட அவர் நினைக்கவில்லை. விரல்கள் தாமாகப் போயின. தமிழ்ச்செல்வி.

உடனே திறந்தது. வரதனை வரவேற்றது.

உள்ளே ஒரே ஒரு வரி. சனாவுல்லாவின் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. வெள்ளிக்கிழமை. ஜும்மா நேரம்.

யூபிஎஸ் அடங்கியது. திரை செத்தது. இருட்டில் இடுப்பைத் தடவினார். சாவிக்கொத்து இல்லை.

எப்படி வெளியே வந்தார், எவ்வளவு நேரம் மழையில் நடந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. தெருவில் குடையோடு போனவர்கள் யாரும் “வாங்க பாய்” என்று சொல்லவில்லை. ஒருவன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காறித் துப்பினான். வீட்டை அடைந்தபோது மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. கதவு தாழிட்டிருந்தது. தட்டினார்.

“யாரு?” பேத்தியின் குரல்.

“நான்தாம்மா முஸ்கான். தாத்தா. கதவத் தொற.”

“வார்த்த?”

“ஜாஹிரா.”

உள்ளே சின்னதாக ஒரு சிரிப்பு. “அது பழசு. தாத்தா மாத்திட்டாரு.”

“எந்தத் தாத்தாடி?”

“எங்க தாத்தாதான். இங்க கீறாரே.”

ஜன்னலுக்கு ஓடினார். ஒரு பலகை சரியாகச் சாத்தப்படவில்லை. உள்ளே அரிக்கேன் விளக்கு. அவருடைய நாற்காலி. நாற்காலியில் ஒரு முதுகு. அவருடைய வெள்ளைத் தொப்பி, அவருடைய சால்வை. இடுப்பில் சாவிக்கொத்து. வேட்டி ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. தரையில் கருப்பாகத் தேங்கி, கட்டில் கால்வரை போயிருந்தது. அதில் நின்றுகொண்டு பதுருன்னிசா தட்டில் சோறு போட்டாள். “இன்னாங்க, கை இப்பிடி சில்லுன்னு கீது?” என்று அந்தக் கையை எடுத்து முந்தானையால் தேய்த்தாள். அசீம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். முகத்தில் நிம்மதி.

“பதுரு!” என்று கத்தினார். “அது நான் இல்ல! நான் இங்க கீறேன்! நான்...”

பெயர் வரவில்லை.

மறுபடி முயன்றார். நாக்கு புரண்டது. வாயில் பாசி வாடை. தேடினார். அந்த இடம் காலி. இன்று எங்கேயாவது ஒரு கதவைத் திறந்த பெயர் ஒன்றுதான் இருந்தது.

“வரதன்,” என்றது அவர் வாய். “வரதன் வந்துக்கிறேன் மொதலாளி.”

உள்ளே பேச்சு நின்றது. அசீமின் கை சோற்றில் நின்றது. பிறகு அவருடைய செருமல் கேட்டது. அவருடைய குரல். அவருடைய கம்பீரம்.

“வாசப்படிய வுட்டு எறங்கு. இது மானமுள்ள குடும்பம்.”

இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.

முஸ்கான் ஓடிப் போய் நாற்காலியருகே நின்று, அந்தக் கையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஊதி வெளுத்த விரல்களின் இடுக்கிலிருந்து தண்ணீர் வழிந்து, அவள் வகிட்டில் இறங்கி, நெற்றியில் இறங்கி, கண்களில் இறங்கியது. அவள் கண்களை மூடிக்கொண்டு சிரித்தாள்.