பதினாலாம் நம்பருக்கு முழங்கால் வலி

அவளுடைய முழங்காலில் ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்ததும் குதித்துப் பார்த்தாள். மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். இரண்டு முழங்கால்களும் சொன்ன பேச்சைக் கேட்டன. இருந்தாலும் அவளுக்குக் காயம் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கோப்பையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அக்கம்பக்கத்து நாடுகள் எட்டு சேர்ந்து கால்பந்து ஆடும் பெரிய போட்டி அது. நான்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஒவ்வொரு நாடும் தன் அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அறிவிக்கிற அன்று, அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் சலூன் வாசலில் கூடிவிடுவார்கள். சலூன்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவார். பாதி முடி வெட்டிய ஆளும் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பார்.

ஒவ்வொரு பிள்ளையும் நம் நாட்டு அணியிலிருந்து ஒரு வீரரை எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய நம்பரைச் சட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். கோப்பை முடிகிறவரை அந்த நம்பர்தான் பெயர். வீட்டில் அம்மா சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடச் சில பேர் திரும்ப மாட்டார்கள். சாப்பாடு ஆறிப்போகிறது என்றால் மட்டும் திரும்புவார்கள்.

அவள் பதினாலாம் நம்பரை எடுத்துக்கொண்டாள். அதற்கு வேறு யாரும் போட்டி போடவில்லை. நிஜப் பதினாலு தடுப்பு ஆட்டக்காரர். கோல் போட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். ஆனால் அவரைத் தாண்டி ஒரு பந்து போய்விட்டால் அது அதிசயம். அவளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

பின் தெருப் பிள்ளைகள் பக்கத்து நாட்டு அணியை எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் இரண்டு தெருவுக்கும் ஆட்டம். அந்த ஒரு ஆட்டத்துக்காக அவள் பல மாதமாகக் கிடங்குச் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் இடது காலால். "இடது ஷூ மட்டும் தனியா விக்கிறதில்லம்மா" என்று செருப்புக்கடைக்காரர் சொல்லும் அளவுக்கு உதைத்திருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள் டிவியில் ஒரு செய்தி வந்தது. பயிற்சியில் நிஜப் பதினாலாம் நம்பருக்கு முழங்காலில் அடி. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வேறொருவர் அணிக்கு வருகிறார்.

ஐயோ பாவம் என்று அவள் வருத்தப்பட்டாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலி மனைக்கு வந்தபோது கேப்டன் கையை நீட்டி அவளை நிறுத்தினான்.

கேப்டன் மெக்கானிக்கின் பையன். கெட்டவன் இல்லை. ஆனால் விதி என்றால் அவனுக்கு உயிர். அங்கே பெரிய மைதானத்தில் என்ன நடக்கிறதோ அது அப்படியே இங்கேயும் நடக்க வேண்டும் என்பான்.

"நீ ஆட முடியாது" என்றான்.

"ஏன்?"

"உனக்குக் காயம்."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "எனக்கா?"

"பதினாலுக்குக் காயம். நீதானே பதினாலு?"

"ஆமா. ஆனா எனக்கு வலிக்கலையே."

"அது எனக்குத் தெரியாது. டிவியில சொல்லிட்டாங்க. வேணும்னா உக்காந்து பாரு. காயம்னா கட்டுப் போடணும், அதையும் மறந்துடாத."

 அவன் சொல்வதில் ஏதோ தப்பு இருக்கிறது. எங்கே இருக்கிறது என்றுதான் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு துண்டை எடுத்து முழங்காலில் கட்டிக்கொண்டு வந்து, சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முழங்கால் லேசாக வலிப்பது போலவே இருந்தது. துண்டை இறுக்கிக் கட்டியதால் இருக்கும்.

பதிலாக வந்த பதினாலு யார் என்றால், கேப்டனின் தங்கச்சி. எல்லோரும் அவளைப் பொடிசு என்பார்கள். போன கோப்பையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். இந்தக் கோப்பையில் நம்பர் எதுவும் மிச்சம் இல்லை என்று அண்ணன் அவளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. இப்போது புதுப் பதினாலு அவள்தான். அப்பாவின் பழைய சட்டையில் நம்பர் எழுதிப் போட்டிருந்தாள். சட்டை கணுக்கால்வரை தொங்கியது.

அன்று இருட்டும் நேரத்தில் பொடிசு அவளிடம் வந்தாள்.

"அக்கா, இந்தா உன் நம்பர்" என்று சட்டையைக் கழற்றப் போனாள். "நான் அண்ணாகிட்ட சொல்லிக்கிறேன். எனக்கும் ஏதாவது காயம் வந்துடுச்சுன்னு சொல்லிடறேன்."

சொல்லும்போதே பொடிசின் உதடு பிதுங்கியது. ஒரு கை சட்டையின் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தது.

நம்பரைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஆடலாம். ஆனால் சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருந்தாள்.

"வேண்டாம். உனக்கு நல்லா இருக்கு, நீயே போட்டுக்கோ" என்றாள். "கீழ மட்டும் மடிச்சு விட்டுக்கோ. இல்லன்னா பந்து சட்டைக்குள்ள போயிடும்."

போட்டி தொடங்கியது. குழப்பமும் வளர்ந்தது.

முதல் ஆட்டத்திலேயே நிஜ எட்டாம் நம்பர் எதிரணிக்காரரை உதைத்துச் சிவப்பு அட்டை வாங்கினார். தெருவில் எட்டு யார் என்றால், பந்து தன் மேல் இடித்தால்கூடப் பந்திடம் மன்னிப்புக் கேட்கிற பையன். அவனையும் கேப்டன் வெளியே அனுப்பினான்.

"நான் யாரையும் உதைக்கலையே" என்றான் எட்டு, சுவர் ஓரமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடி.

"எனக்கும்தான் காயம் படல" என்றாள் அவள்.

"அப்ப நாம ஏன் இங்க இருக்கோம்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

அது போதாது என்று, சனிக்கிழமை பக்கத்து நாட்டு அணி இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றுப் போட்டியிலிருந்தே வெளியேறியது. தகவல் தெரிந்ததும் கேப்டன் பின் தெருவுக்குப் போய், நாளைக்கு ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டான். தோற்றவர்கள் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்களாம், அவர்களோடு எப்படி ஆடுவது என்றானாம்.

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. இதுவரை அவளுக்கு மட்டும்தான் ஆட்டம் இல்லை. இப்போது ஆட்டமே இல்லை. அன்றைக்குத் துண்டை அவிழ்க்காமலே வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

அவளுடைய அம்மா நர்ஸ். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடும் அறையில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் துண்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எங்க விழுந்த?"

"நான் விழல. அவர் விழுந்தார்."

"எவர்?"

"பதினாலாம் நம்பர்."

"அவர் விழுந்தா உனக்கு எதுக்குக் கட்டு?"

"அதுதாம்மா எனக்கும் புரியல."

அம்மா குனிந்து துண்டின் முடிச்சைப் பார்த்தார். "இது மூட்டை கட்டற முடிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அம்மா, நீயே நல்லா பாத்துட்டு, கால் சரியா இருக்குன்னு எழுதிக் குடேன். நர்ஸ் சொன்னா கேப்டன் கேப்பான்."

அம்மா வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார்.

"காலையில இருந்து முழங்கால் முழங்காலா பாத்தாச்சு கண்ணு. ஆஸ்பத்திரியிலதான் நான் நர்ஸ். இப்ப வீட்டுக்கு வந்துட்டேன். வா, வந்து என் காலைக் கொஞ்சம் மிதி."

அவள் அம்மாவின் காலை மிதித்துக்கொண்டே ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். பிறகு தன் சட்டையில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தாள். மிதிப்பதை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அம்மா.

"அம்மா, அவரை வீட்டுக்குத்தானே அனுப்பினாங்க?"

"யாரை?"

அவள் எழுந்தாள். துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேறு சட்டை போட்டுக்கொண்டு பின் தெருவுக்குப் போனாள். அந்தத் தெருக் கேப்டன் கண்ணாடி, தன் ஆட்களோடு ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர்.

"ஆட வரீங்களா?" என்று கேட்டாள்.

"நாங்கதான் தோத்துட்டோமே. ஊருக்கு பிளைட் ஏறிட்டோம்னு உங்க கேப்டன் சொல்றான்."

"ஏறி எங்க போவீங்க?"

"வீட்டுக்கு."

"உங்க வீடு எங்க இருக்கு?"

கண்ணாடி மூக்கின் மேல் இருந்ததைச் சரிசெய்துகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தான். "இதுதான்."

"அப்ப வந்து சேந்தாச்சு. வீட்டுக்கு வந்தவங்க அவங்க இஷ்டத்துக்கு ஆடலாம்."

கண்ணாடி யோசித்தான். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போயிருந்தது. எழுந்துவிட்டான்.

போகும் வழியில் எட்டையும் கூட்டிக்கொண்டார்கள். காலி மனையில் கேப்டனும் அவன் ஆட்களும் எதிரணி இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இது எந்த அணி?" என்றான் கேப்டன்.

"வீட்டுக்கு வந்தவங்க அணி."

"அப்படி ஒரு நாடே கிடையாது."

"நாடு எதுக்கு? நாங்கதான் வீட்டுக்கு வந்துட்டோமே. பதினாலுக்குத்தான் காயம். நான் இப்ப பதினாலு இல்ல. வீட்டுக்கு வந்தவங்க தெருவுல ஆடக் கூடாதுன்னு விதி இருக்கா?"

கேப்டன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நேர்மையான பையன் என்பதால் இல்லாத விதியை இருக்கிறது என்று சொல்ல அவனால் முடியவில்லை.

"டிவியில வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றான்.

வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து ஆட ஆரம்பித்தார்கள். கண்ணாடி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கண்ணாடி வேகமாக வந்தான். அவள் இடது காலை நீட்டிப் பந்தை அலுங்காமல் பிடுங்கினாள். எட்டு யாரையோ இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கோல் போட்டான். ஒரே கூச்சலும் சிரிப்புமாக இருந்தது.

கேப்டன் அணி மனையின் குட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தது.

"அண்ணா, நாம எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று பொடிசு கேட்டாள்.

"நாம இன்னும் போட்டியில இருக்கோம். தோத்தாதான் போகணும்."

"எப்ப தோப்போம்?"

"அப்படியெல்லாம் பேசக் கூடாது."

"ஜெயிச்சா?"

"கப் கொடுப்பாங்க."

"அதை வாங்கிட்டு எங்க போவோம்?"

கேப்டன் யோசித்துப் பார்த்தான். அங்கேயும் வீடுதான் வந்தது. அவனுக்கே தலை சுற்றியது.

பொடிசு அதற்குமேல் காத்திருக்கவில்லை. சுவரிலிருந்து குதித்து, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, நானும் பதினாலுதானே? அப்ப எனக்கும் முழங்கால் வலிதானே?"

அவள் சிரித்துவிட்டாள். "ஆமா. பாவம், சீக்கிரம் வீட்டுக்கு வா. அந்தக் கோல் கல்லுகிட்ட நில்லு."

அவ்வளவுதான். சுவரில் இருந்த மற்றவர்களுக்கும் திடீர் திடீரென்று வியாதி வந்தது. ஒருவனுக்கு இடுப்புப் பிடித்தது. ஒருத்திக்குக் குதிகால் வலித்தது. இன்னொருவன் எதுவும் தோன்றாமல், தனக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்றான். எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள்.

"இப்ப உங்க தெரு அந்தப் பக்கம், எங்க தெரு இந்தப் பக்கம். சரிதானே?" என்றான் கண்ணாடி.  அவள் காத்திருந்த ஆட்டம் இதுதான்.

ஆனால் அவள் தெருவில் ஓர் ஆள் குறைந்தது. கேப்டன் மட்டும் சுவரில் தனியாக உட்கார்ந்திருந்தான். போட்டியில் மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

அவள் ஆட்டத்தைத் தொடங்கவில்லை. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேப்டன் மெதுவாக இறங்கி வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், பந்தைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு முழங்கால்ல ஏதோ மாதிரி இருக்கு."

"எந்த முழங்கால்?"

அவன் இதுவரை பொய் சொல்லிப் பழகியதில்லை. இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டும்."

"அப்ப வீட்டுக்கு வா" என்று சொல்லி அவள் பந்தை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். இரண்டு முழங்காலும் வலிக்கிற ஒருவன் அவ்வளவு வேகமாக ஓடி இரண்டு தெருவிலும் யாரும் பார்த்ததில்லை.