ரஞ்சன் ஏன் மாத்திரை சாப்பிடவில்லை?

"நக்கோ!" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

வேண்டாம் என்று பொருள். ஹைதராபாத்துக்குக் குடிவந்ததும் ரஞ்சன் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான்.

ஆறு வயது ரஞ்சனுக்கு இரத்தப் புற்றுநோய். மருத்துவமனையிலிருந்து ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்கு அனுப்பும்போது, "இந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது" என்று டாக்டர் ரோஸ்லின் சொல்லியிருந்தார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அக்கா தாரிணி போர்வைக்குள் தலையை நுழைத்தாள்.

"கசக்குதாடா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

ரஞ்சனின் குரல் கம்மியது. "என் ரத்தத்துல கெட்ட செல் இருக்காம். மருந்து அதைக் கொன்னுடுமாம். கீழ் வீட்டு மாமா சொன்னாரு. அதுவும் நான்தானே? அப்போ நான் கெட்டவனாக்கா?"

தாரிணிக்குப் பொய் சொல்லிச் சமாளிக்க மனம் வரவில்லை. அம்மாவிடம் செல்போனை வாங்கி டாக்டரையே கேட்டுவிட்டாள்.

"கெட்டவன் எல்லாம் இல்லம்மா" என்றார் டாக்டர். "கிருமிகளோட சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள்தான் அதெல்லாம். வளராம குழந்தையாவே நின்னுபோய், கூட்டம் கூடிடுச்சு. அவனுக்கு வந்திருக்கிற வகைக்கு இந்த மாத்திரை நல்லா கேக்கும். அணுக்களை வளர வைக்கும். வளர்ந்துட்டா, கொஞ்ச நாள் வேலை பார்த்துட்டு, வயசாகித் தானாவே போயிடும்."

தாரிணி சற்று யோசித்தாள். பிறகு தம்பியிடம் வந்தாள்.

"டேய், யூகேஜி பசங்க யாருமே ஒண்ணாம் கிளாஸுக்குப் போகலைன்னு வெச்சுக்கோ. புதுப் பசங்களும் வந்துட்டே இருக்காங்க. என்ன ஆகும்?"

"உக்கார இடமே இருக்காது! என் டிபன் பாக்ஸ் மேலகூட உக்காருவாங்க!"

"உன் ரத்தத்துலயும் அதே கதைதான். கெட்டவங்க யாரும் இல்ல. பாஸாகாத பசங்க. இந்த மாத்திரை அவங்களைப் பாஸ் பண்ண வைக்கும்."

"பாஸானா?"

"கிருமியைப் பிடிக்கிற வேலை கிடைக்கும்."

போர்வை விலகியது. "தண்ணி குடு."

மாத்திரையை விழுங்கிவிட்டு, ரஞ்சன் வயிற்றைத் தட்டினான். "டேய், எல்லாரும் ஒழுங்காப் படிங்கடா!"

சமையலறையில் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

சில வாரங்களுக்குப் பிறகு டாக்டர் ரோஸ்லின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "நிறைய அணுக்கள் வளர்ந்தாச்சு. மாத்திரை தொடரட்டும். சாயங்காலம் கொஞ்ச நேரம் விளையாடலாம்" என்றார்.

அன்று மாலையே ரஞ்சன் மட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். அவன் அடித்த பந்து எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் பறந்தது. அந்த வீட்டுக்காரரிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு பந்தோடு திரும்பிய தாரிணி, வாயெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்:

"அடுத்தது போடட்டுமாடா?"